அவர்கள் விரட்டும் பிசாசு நாங்கள்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர் தன் தெருவில் நடக்கிற முழு இரவு ஜெபத்தைப் பற்றி எழுதியிருந்தார். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் விடியற்காலை நான்கு வரைக்கும் ஸ்பீக்கர் ஓயாது, மகள் பன்னிரண்டாம் வகுப்பு, படிக்கவும் முடியவில்லை தூங்கவும் முடியவில்லை, போய்ச் சொன்னால் இது ஆவிக்குரிய எதிர்ப்பு, அதாவது ஜெபத்தைத் தடுக்கப் பிசாசு செய்கிற வேலை என்று சொல்லி இன்னும் சத்தத்தைக் கூட்டுகிறார்கள் என்று வருத்தப்பட்டிருந்தார். கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: "அவர்கள் விரட்டும் பிசாசு நாங்கள்தானா?"

நான் ஒரு கிறிஸ்தவள். முப்பத்திரண்டு வருஷம் தொடக்கப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அந்தக் கேள்வி நான்கு நாளாக என்னை விடவில்லை. நமக்கென்ன என்று பேப்பரை மடித்து வைக்க என்னால் முடியாது, ஏனென்றால் ஒரு காலத்தில் நானும் பக்கத்து வீட்டைப் பார்த்து இப்படி ஜெபித்தவள்தான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகவே இருக்கும், ஆசிரியர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் ஸ்பீக்கர் விஷயம். அதில் வாதாட ஒன்றுமில்லை, அந்த வாசகர் சொன்னது சரி. 2000-ம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி வைத்துத் தெருவை எழுப்ப யாருக்கும் உரிமை கிடையாது. அதே ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. வேறெங்கோ நடந்த வழக்கு இல்லை, சென்னையில் ஒரு சபைக்கும் பக்கத்துக் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கும் நடந்த வழக்கு. அடுத்தவருடைய அமைதியைக் கெடுத்து ஒலிபெருக்கி வைத்தோ மேளம் அடித்தோ ஜெபம் செய்ய வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பை எதிர்ப்பு என்று பேசுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. நீ ஜெபம் பண்ணும்போது உன் அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டு என்று ஆண்டவர் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே சொன்னதைத்தான் நீதிமன்றம் வேறு வார்த்தையில் சொல்லியிருக்கிறது. கதவைப் பூட்டு என்று சொன்னவருடைய பிள்ளைகள் நாம்.

சரி, அதோடு விட்டுவிட்டால் அந்த வாசகருக்கு நான் பாதிப் பதில்தான் சொன்னவளாவேன். ராத்திரியில் உட்கார்ந்து ஏன் பாடுகிறோம், எதற்கு இத்தனை ஸ்தோத்திரம் என்று அவர் நினைத்திருப்பார். அதையும் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் நாசரேத் பக்கம், தேரி மண். என் ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் எங்கள் சபைப் பாட்டுகளான பாமாலையும் கீர்த்தனையும் முக்கால்வாசி மனப்பாடம். தாத்தா விடியுமுன் பனையேறப் போவார், ஆச்சி கீழே பதநீர் காய்ச்சுகிற அடுப்புக்குச் சுள்ளி ஒடித்துப் போட்டுக்கொண்டே பாடுவாள். சொந்தப் பனை ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் பாட்டத்துக்குப் பிடித்த மரம். தாத்தா ஒரு வருஷம் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்துவிட்டார். வீட்டில் கஞ்சிக்கே திண்டாட்டம். அந்த வருஷமும் ஆச்சி பாடினாள், அதே அடுப்படியில், அடுப்பில் ஒன்றும் இல்லாமல். எனக்கு அப்போது ஒன்பது பத்து வயது இருக்கும். இப்போ என்ன சந்தோஷம்னு பாடுதே ஆச்சி என்று கேட்டேன். "சந்தோஷத்துக்காவா பாடுதேன்? பாடலேன்னா விழுந்திருவேன், அதான் பாடுதேன்" என்றாள்.

துதி என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. ஜெபத்தில் நாம் கேட்கிறோம், அழுகிறோம், நம் குறையைச் சொல்கிறோம். துதியில் கேட்கிறதை நிறுத்திவிட்டு, ஆண்டவர் யார் என்பதை நமக்கு நாமே திரும்பச் சொல்லிக்கொள்கிறோம். கஷ்ட காலத்தில் மனதுக்கு அது மறந்துபோகும், அதனால்தான் வாய் திறந்து சொல்ல வேண்டியிருக்கிறது. வெளியே இருந்து கேட்கிறவர்களுக்கு ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று நூறு தடவை சொல்வது ஏதோ மந்திரம் மாதிரித் தெரியலாம். கால் வழுக்குகிற இடத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவன் எத்தனை தடவை பிடித்தான் என்று எண்ணிக்கொண்டிருப்பதில்லை.

வேதத்தில் யோசபாத் என்று ஒரு ராஜா. மூன்று நாட்டுக் கூட்டம் சேர்ந்து அவன்மேல் படையெடுத்து வருகிறது. அவன் பயந்தான் என்றே எழுதியிருக்கிறது, மறைக்கவில்லை. நாடு முழுக்க உபவாசம் கூறி, பெண்டு பிள்ளைகள் கைக்குழந்தைகள் எல்லாரும் நிற்கிற கூட்டத்தின் நடுவில் நின்று ஜெபித்தான். அந்த ஜெபத்தின் முடிவு, நாங்கள் செய்ய வேண்டியது என்னவென்று எங்களுக்குத் தெரியவில்லை, எங்கள் கண்கள் உம்மையே நோக்கிக்கொண்டிருக்கின்றன என்பது. மறுநாள் பாடகர்களைப் படைக்கு முன்னால் நடக்கவிட்டான். கூட்டங்களில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பாடகர்களையும், கடைசியில் பள்ளத்தாக்கில் எதிரிகள் செத்துக் கிடந்ததையும்தான் அழுத்திச் சொல்கிறார்கள், ஜனங்களும் அல்லேலூயா சொல்கிறார்கள். என்னைப் பிடித்து நிறுத்துவது அந்த ஜெபம். ஒரு ராஜா தன் குடிமக்கள் முன்னால் எனக்குத் தெரியவில்லை என்று சொல்கிறான். அவனுக்குக் கிடைத்த பதிலும் நீங்கள் தரித்து நில்லுங்கள் என்பதுதான். போய் அடியுங்கள் என்று வரவில்லை.

அப்புறம் பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலை. நடுராத்திரித் துதி என்று எந்தச் சபையில் பேசினாலும் இங்கேதான் வந்து நிற்பார்கள். இயேசுவைப் பற்றிப் பிரசங்கித்துவந்த பவுலையும் சீலாவையும் துணியைக் கிழித்து, பிரம்பால் அடித்து, உட்காவலறையில் தள்ளி, கால்களைத் தொழுமரத்தில், அதாவது கால் அசையாமல் பூட்டுகிற மரக்கட்டையில், மாட்டிவிட்டார்கள். முதுகில் ரத்தம் காய்ந்திருக்கும், சாய்ந்து உட்காரக்கூட முடியாது. நடுராத்திரியில் அவர்கள் ஜெபம் பண்ணித் துதித்துப் பாடினார்கள், மற்றக் கைதிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பூமி அதிர்ந்தது, கதவுகள் திறந்தன, எல்லாருடைய கட்டும் கழன்றது. நம் ஆட்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் கைதட்டி, உன் கட்டுகளும் இன்று இரவு கழலும் என்று முடித்துவிடுகிறார்கள். கதை அங்கே முடியவில்லை. சிறைச்சாலைக்காரன் விழித்துப் பார்க்கிறான், கதவுகள் திறந்து கிடக்கின்றன, கைதிகள் ஓடிவிட்டார்கள் என்று நினைத்துப் பட்டயத்தை உருவித் தன்னையே கொல்லப் பார்க்கிறான். அவர்களை உட்காவலறையில் அடைத்து, தொழுமரத்தில் கால்களை மாட்டியவன் அவன்தான். பவுல் சத்தம் போடுகிறான்: உனக்குக் கெடுதி ஒன்றும் செய்துகொள்ளாதே, நாங்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம்.

கதவு திறந்தும் ஓடவில்லை. அடைத்துப் பூட்டியவனைக் காப்பாற்ற உள்ளேயே இருந்தார்கள். அதே ராத்திரியில் அவன் அவர்களுடைய காயங்களைக் கழுவினான், வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டான். நான் எத்தனை வருஷம் சபைக்குப் போயிருக்கிறேன், எத்தனை கன்வென்ஷன் கூட்டத்தில் மணலில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன், இந்த 'இங்கேதான் இருக்கிறோம்' என் மனதில் பட்டதே இல்லை. பட்டது ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில்.

அதைச் சொல்கிறேன். 2016-ல் என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்று இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. வாரம் இரண்டு தடவை திருநெல்வேலிக்கு டயாலிசிஸ், காலையில் செந்தூர் பாசஞ்சரில் ஏறிப் போய், இரவு அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்து சேருவேன். எல்லாரையும்போல நானும் ஜெபித்தேன், உபவாசம் இருந்தேன். அப்போது எங்கள் வீட்டுக்கு ஒரு ஊழியக்காரர் வந்தார், எங்கள் சேகரத்தை, அதாவது எங்கள் குருவானவரின் கீழ் உள்ள சபைகளைச் சேர்ந்தவர் இல்லை, வேறொரு பெண்ணின் வீட்டுக்கு ஜெபிக்க வந்தவரை நான்தான் கூப்பிட்டேன். தலையில் கைவைத்து ஜெபித்துக்கொண்டிருந்தவர் கண்ணை மூடியபடியே, கிழக்கே இருந்து ஒரு செய்வினைக் கட்டு வந்திருக்கிறது, இந்த வீட்டு ஆண்மகன்மேல் செய்திருக்கிறார்கள் என்றார்.

எங்கள் வீட்டுக்குக் கிழக்கே ஒரே ஒரு வீடுதான். அந்த அக்காவும் நானும் இருபத்தொரு வருஷம் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள். என் பெரியவனுக்கு அம்மை போட்டபோது வேப்பிலை ஒடித்துக் கொடுத்தவர் அவர், அவர் மகள் கல்யாணத்துக்குப் பந்திக்கு நின்றவள் நான். வருஷா வருஷம் குலசேகரன்பட்டினம் அம்மன் கோவில் தசராவுக்கு அவர் மகன் மாலை போட்டு விரதம் இருப்பான், வேஷம் கட்டுவான். அது எனக்கு அதுவரை ஒரு பேச்சாகவே இருந்ததில்லை. அந்த ஊழியக்காரர் சொன்ன ராத்திரியிலிருந்து அந்த வீட்டு மணிச் சத்தம் கேட்டாலே எனக்கு உடம்பு நடுங்கும். காலையில் அவர் வாசலில் கோலம் போட்டுவிட்டு எங்கள் பக்கம் பார்த்துச் சிரித்தால், எதற்குச் சிரிக்கிறாள் என்று தோன்றும்.

ஒன்பது மாதம் அவரோடு பேசவில்லை. அது மட்டுமில்லை. ஜெபித்த எண்ணெய் ஒரு புட்டி வாங்கி, இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள சுவரில் சாயங்காலம் சாயங்காலம் தடவினேன். கர்த்தாவே சத்துருவை அக்கினியால் சுட்டெரியும் என்று அந்தச் சுவரைப் பார்த்து ஜெபித்தேன். சத்தமாகத்தான் ஜெபித்தேன். ஒருநாள் நான் எண்ணெய் தடவிக்கொண்டிருக்கும்போது அந்த அக்கா துணி எடுக்க வந்து நின்று பார்த்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை, துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

இவருக்கு உடம்பு நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டுதான் வந்தது.

2017 நவம்பரில் ஒருநாள் ராத்திரி இரண்டு மணி இருக்கும், நல்ல மழை, இவருக்கு மூச்சு வாங்கி உதடு நீலம் பாய்ந்துவிட்டது. 108-க்குப் போன் செய்தேன், வண்டி வேறிடத்துக்குப் போயிருக்கிறது, வர நேரமாகும் என்றார்கள். சபையில் இரண்டு பேரைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை, அந்த நேரத்தில் யார் எடுப்பார்கள், அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தபோது கிழக்கு வீட்டு விளக்கு எரிந்தது. "என்ன டீச்சர், அண்ணாச்சிக்கு என்ன செய்யுது?" என்று கேட்டுக்கொண்டே அக்கா சேலை முந்தானையைத் தலையில் போட்டபடி வந்தார்கள். வந்து பார்த்துவிட்டு மகனை எழுப்பினார்கள். அவன் குட்டியானை வண்டி ஓட்டுகிறவன். பின்னால் தார்ப்பாயைக் கட்டி, மெத்தையை விரித்து, இவரைத் தூக்கிக் கிடத்தினோம். திருநெல்வேலி போய்ச் சேருகிறவரைக்கும் இவர் தலை அந்த அக்காவின் மடியில்தான் இருந்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை.

உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அக்கா வீட்டுக்குப் போகாமல் என்னோடு வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். நான் ஜெபிக்கப் பார்க்கிறேன், வார்த்தை வரவில்லை. ஒன்பது மாதம் அவர்கள் வீட்டுக்கு எதிராக அத்தனை வார்த்தை வந்த வாயில் ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அக்கா சொன்னார்கள், "டீச்சர், விடியக்காலத்துல ஒரு பாட்டுப் பாடுவியளே, உங்க ஆச்சி பாட்டுன்னு சொல்வியளே, அதை மெதுவாப் பாடுங்க. மனசுக்குத் தெம்பா இருக்கும்."

பாடினேன். பக்கத்தில் படுத்திருந்தவர்கள் எழும்பிவிடாமல், காதோடு காதாகத்தான் பாடினேன். பாதியில் அழுகை வந்து நின்றுவிட்டது, அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள், மறுபடியும் பாடினேன். அப்போதுதான் எனக்கு அந்தப் பிலிப்பி சிறைச்சாலை ஞாபகம் வந்தது, நாங்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம் என்று சொன்னது. அதைச் சொல்லும் இடத்தில் நான் இல்லை, அந்த அக்காதான் இருந்தார்கள்.

விடிந்த பிறகு நான் அவர்கள் காலைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன், எண்ணெய் தடவியது, யார் சொல்லித் தடவினேன் என்பது, என்ன சொல்லி ஜெபித்தேன் என்பது, எல்லாம். "எனக்குத் தெரியும் டீச்சர். சத்தமாத்தான ஜெபிச்சிய" என்றார்கள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. டீ வாங்கி வரப் போய்விட்டார்கள்.

என் வீட்டுக்காரர் அதற்கப்புறம் ஒரு வருஷமும் நாலு மாதமும் இருந்தார். 2019 மார்ச்சில் போய்விட்டார்.

இதை எழுதுவதால் எனக்குப் பிசாசில் நம்பிக்கை போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆவிக்குரிய எதிர்ப்பு உண்டு என்று முன்னைவிட இப்போது அதிகமாக நம்புகிறேன். ஆனால் அவன் என் வீட்டுக்குள் எந்த வழியாக வந்தான் என்பதை நான் பார்த்துவிட்டேன். செய்வினைத் தகடு வைத்து வரவில்லை. இருபத்தொரு வருஷப் பழக்கத்தின்மேல் ஒரு சந்தேகத்தைப் போட்டுவிட்டுப் போனான், அதை நான்தான் எண்ணெய் ஊற்றி வளர்த்தேன். வேதத்தில் பவுல் எபேசியருக்கு எழுதின நிருபத்தில் ஆறாம் அதிகாரம் எங்கள் பிள்ளைகள் ஓய்வுநாள் பள்ளியிலேயே மனப்பாடம் செய்வது: மாம்சத்தோடும் இரத்தத்தோடும் அல்ல நமக்குப் போராட்டம் என்று தெளிவாக இருக்கிறது. மாம்சமும் இரத்தமும் என்றால் மனுஷர். பக்கத்து வீட்டுக்காரி, மாமியார், ஸ்பீக்கரைக் குறைக்கச் சொல்லி வந்து நிற்கிற பெண்ணின் அப்பா, இவர்கள் எல்லாரும் மாம்சமும் இரத்தமும்தான். அந்த வசனத்தை மனப்பாடமாகச் சொல்லிவிட்டு, அடுத்த நிமிஷம் மனுஷரை நோக்கி விரல் நீட்டுகிறோம்.

அதே அதிகாரத்தில் சர்வாயுதவர்க்கம் என்று வருகிறது, பிசாசை எதிர்த்து நிற்க விசுவாசி அணிந்துகொள்ள வேண்டிய ஆயுதங்கள். அரைக்கச்சை, மார்க்கவசம், தலைச்சீரா, கேடகம், பட்டயம் எல்லாவற்றையும் எடுத்துப் பிரசங்கம் செய்கிறார்கள், பிள்ளைகள் அட்டையில் வெட்டி ஒட்டுகிறார்கள், காலில் போடுகிற பாதரட்சையை மட்டும் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். அந்தப் பாதரட்சை சமாதானத்தின் சுவிசேஷம். இன்னொன்றும் உண்டு. போ, துரத்து, பிடி என்று அங்கே சொல்லவில்லை. நிற்கவும் திராணியுள்ளவர்களாகும்படி என்றுதான் இருக்கிறது. நில்லுங்கள், நில்லுங்கள் என்று திரும்பத் திரும்ப வருகிறது. திராணி என்பது எவ்வளவு நல்ல சொல், எங்கள் ஆச்சி அடிக்கடி சொல்வாள், நாலு குடம் தண்ணி எடுக்கத் திராணி இல்லை என்பாள். நிற்பதற்குத்தான் திராணி வேண்டியிருக்கிறது.

நின்றவர்கள் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். நாங்கள் சின்ன வயதில் கேட்ட முதலூர்க் கதை அப்படித்தான். விசுவாசத்துக்கு வந்தவர்களைச் சொந்த ஊரில் இருக்கவிடவில்லை, அடிபட்டவர்களும் வீடு இழந்தவர்களுமாகச் சேர்ந்து 1799-ல் ஒரு இடத்தை வாங்கி ஊர் அமைத்தார்கள், முதல் ஊர் என்பதுதான் முதலூர். எதிர்ப்பு எப்போதும் வேறு மதத்துக்காரரிடமிருந்துதான் வரும் என்பதும் கிடையாது. 1706-ல் தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்த சீகன்பால்குவை 1708-ல் பிடித்து நாலு மாதம் போலக் கோட்டையில் அடைத்தது அவரை அனுப்பிய டென்மார்க் ராஜாவின் சொந்த அதிகாரி, ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர்.

ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு மறக்க முடியாதவர் கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மா. 1999 ஜனவரியில் ஒடிசாவில் மனோகர்பூர் என்ற கிராமத்தில், வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த அவர் கணவர் கிரஹாமையும் பத்து வயது பிலிப்பையும் ஆறு வயது திமொத்தேயுவையும் கூட்டமாக வந்து எரித்துக் கொன்றார்கள். கிரஹாம் 1965-லிருந்து பாரிபடாவில் தொழுநோயாளிகளோடு இருந்தவர். எங்கள் பள்ளியில் அன்று பேப்பரை யாரும் சத்தமாக வாசிக்கவில்லை. அடக்க ஆராதனையில் அந்த அம்மாவும் மகள் எஸ்தரும் நின்று பாடினார்கள். கொன்றவர்களை மன்னித்துவிட்டேன் என்று சொன்னார். சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு உடனே ஆஸ்திரேலியாவுக்குப் போயிருந்தால் யாராவது குறை சொல்ல முடியுமா? அங்கேயே இருந்தார். 2004 வரைக்கும் அதே தொழுநோயாளிகளைப் பார்த்துக்கொண்டு, கணவர் பெயரில் ஒரு ஆஸ்பத்திரியையும் எழுப்பினார். நாங்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம். ஆவிக்குரிய போராட்டம் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் இப்போது எனக்கு அந்த அம்மா அடக்கத்தில் நின்று பாடியதுதான் மனதில் வருகிறது.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. என் வீட்டுக்காரர் போன பிறகு ஒரு சகோதரி வந்து, விசுவாசம் கொஞ்சம் குறைந்துவிட்டது அம்மா, இல்லையென்றால் சுகமாகியிருப்பார் என்றாள். துக்க வீட்டில் இப்படிப் பேசுகிறவர்கள் தயவுசெய்து ஒருமுறை டோனாவூர் போய் வாருங்கள், களக்காட்டுப் பக்கம்தான். ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895-ல் இந்தியாவுக்கு மிஷனரியாக வந்தவர், திரும்பிச் சொந்த நாட்டுக்குப் போகவே இல்லை. 1901-லிருந்து டோனாவூரில் எத்தனையோ பிள்ளைகளை வளர்த்தார். 1931-ல் ஒருநாள் விழுந்தார், அதற்கப்புறம் 1951-ல் இறக்கிறவரைக்கும் ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் படுக்கைதான். அவரைச் சுற்றி ஜெபிக்க ஆள் இல்லையா, அவருக்கு விசுவாசம் இல்லையா? அந்தப் படுக்கையிலிருந்துதான் அத்தனை எழுதினார். கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து அதில் அம்மை என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். பவுலும் தன் மாம்சத்தில் இருந்த முள்ளை, அவரை விடாமல் வருத்திய உபத்திரவத்தை, எடுத்துவிடும்படி மூன்று தடவை கேட்டார், எடுக்கப்படவில்லை, என் கிருபை உனக்குப் போதும் என்ற பதில்தான் வந்தது. எனக்கும் அதுதான் வந்தது. அதை வாங்கிக்கொள்ள ஒரு வருஷம் ஆயிற்று.

ஆகவே சபைகளை நடத்துகிற ஐயாமாரிடமும் ஜெபக்குழு நடத்துகிற சகோதரிகளிடமும் நான் கேட்பது இதுதான். யாருடைய வீட்டைப் பற்றியும், எந்தத் திசையைப் பற்றியும் சொல்லாதீர்கள். வியாதிக்காரன் வீட்டில் எல்லாரும் பயந்துபோய் இருப்பார்கள், நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போய்விடுவீர்கள், அந்த வார்த்தையோடு அந்தத் தெருவில் அவர்கள் வருஷக்கணக்காக வாழ வேண்டும். எங்கள் சேகரத்துக் குருவானவரிடம் இதை நான் சாட்சியாகச் சொன்னபோது அவர் என்னைச் சபையிலேயே சொல்லச் சொன்னார், சொன்னேன். கூட்டம் முடிந்து இரண்டு பெண்கள் தனியாக வந்து, தங்கள் நாத்தனாரோடும் கொழுந்தன் பெண்டாட்டியோடும் இப்படியே பேச்சு நின்றுபோனது என்றார்கள். எத்தனை வீடோ.

இப்போது எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை ஜெபம் சாயங்காலம் ஏழு மணிக்கு, எட்டரைக்கு முடித்துவிடுவோம். பத்துப் பன்னிரண்டு பேர். ஒரு கஞ்சிரா உண்டு, மைக் கிடையாது. பக்கத்து வீட்டு அக்காவின் பேரனுக்குப் பரீட்சை நேரம் என்றால் கஞ்சிராவும் கிடையாது, கைத்தாளம்கூடப் போட மாட்டோம். பாட்டின் பலம் ஒரு இம்மிகூடக் குறையவில்லை. போன மாதம் அந்தப் பையனுக்குக் காய்ச்சல் என்றபோது அக்காவே வந்து, உங்க ஆளுக எல்லாரும் இருக்கும்போது இவனுக்காகவும் ரெண்டு வார்த்தை சொல்லுங்க டீச்சர் என்றார்கள். அவன் பெயரைச் சொல்லி ஜெபித்தோம். மருந்து ஒழுங்காகச் சாப்பிடச் சொல்லியும் அனுப்பினோம்.

கடைசியாக, அந்தக் கடிதத்தை எழுதிய வாசகருக்கு. ஐயா, இல்லை, நீங்கள் இல்லை. நீங்களும் இல்லை, உங்கள் மகளும் இல்லை. அப்படி உங்களை நினைக்க வைத்ததற்காக, முன்பின் தெரியாத நான் மன்னிப்புக் கேட்கிறேன். உங்கள் தெருவில் ஜெபம் நடத்துகிறவர்கள் எந்தச் சபையாக இருந்தாலும் சரி, போலீசுக்குப் போகுமுன் ஒரு தடவை எனக்குச் சொல்லுங்கள். என் முகவரியும் போன் எண்ணும் ஆசிரியரிடம் கொடுத்திருக்கிறேன், அச்சில் போட வேண்டாம், நீங்கள் கேட்டால் தரச் சொல்லியிருக்கிறேன். நான் பஸ் ஏறி வந்து அவர்களோடு உட்கார்ந்து பேசுகிறேன். அந்தக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடப் பார்க்கிறேன், பெண்ணுக்குப் பரீட்சை நெருங்குகிறதே.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்,
நாசரேத் அருகில், தூத்துக்குடி மாவட்டம்.